சென்னை – சிங்கப்பூர்: கிலோமீட்டர் ஒரு கணக்கு, கடிகாரம் ஒரு கணக்கு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்களிடமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை? அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. ஆசியாவின் வேறு சில ஊர்களைப் பற்றிய கேள்விகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அடுத்த மாதம் முதல்முறையாக சிங்கப்பூர் போகிறேன். சென்னையிலிருந்து 2,900 கிலோமீட்டர் என்று போனில் பார்த்தேன். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள். அப்படியென்றால் மூன்றே கால் மணி நேரத்தில் போய்விட வேண்டும். ஆனால் டிக்கெட்டில் நாலே கால் மணி நேரம் என்று இருக்கிறது. மீதி ஒரு மணி நேரம் எங்கே போனது? சுற்று வழியில் கூட்டிப் போகிறார்களா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சுற்று வழி இல்லை, முதலில் அந்தக் கவலையை விடுங்கள். சென்னையின் மீனம்பாக்கத்துக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற தூரம்தான் அந்த 2,900 சொச்சம் கிலோமீட்டர். அந்த நூல் வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து, கிரேட் நிக்கோபார் தீவுப் பக்கமாகப் போய், சுமத்ராவின் வட முனையை ஒட்டி மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து, மலேசியாவின் ஜொகூர் பக்கமாக சிங்கப்பூருக்கு வருகிறது. வழியில் மலையும் கிடையாது, மூடி வைத்த வான்வெளியும் கிடையாது. ஆகவே விமானமும் ஏறத்தாழ அதே பாதையில்தான் போகிறது. கொஞ்சம் இப்படி அப்படி வளைவது இடிமேகங்களைத் தவிர்க்கத்தான்.

அந்த ஒரு மணி நேரம் போவது வேறு இடங்களில். டிக்கெட்டில் இருக்கிற நேரம் பறக்கும் நேரம் அல்ல. நிறுத்துமிடத்தில் விமானத்தின் சக்கரம் உருளத் தொடங்கும் நொடியிலிருந்து, அங்கே போய் இன்னொரு நிறுத்துமிடத்தில் நிற்கும் நொடி வரைக்கும் உள்ள நேரம். விமானத் துறையில் இதை பிளாக் டைம் என்பார்கள். ஆக, நீங்கள் சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியே பார்க்கும்போது விமானம் பின்னோக்கித் தள்ளப்படுவதும், இன்ஜினை முடுக்குவதும், ஓடுபாதையை நோக்கி மெதுவாக ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் வரை காத்திருப்பதும் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். அங்கே இறங்கிய பிறகு முனையத்துக்கு உருண்டு போவதையும் சேர்த்தால் தரையிலேயே இருபது நிமிடம் சாதாரணமாகப் போய்விடும்.

அப்புறம் அந்த 900. அது நடுவானத்து வேகம், அதுவும் பெரிய விமானங்களுக்கு நல்ல காற்று கிடைத்தால். இந்தப் பாதையில் நிறையப் பறக்கிற ஏ320, 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் மணிக்கு 830, 850 என்றுதான் போகும். அந்த உயரத்துக்கு ஏறவே இருபது இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும், இறங்குவதற்கும் அவ்வளவு வேண்டும். சிங்கப்பூருக்கு இன்னும் சுமார் 200 கிலோமீட்டர் இருக்கும்போதே இறங்கத் தொடங்கிவிடுவார்கள், காதில் லேசாக அடைப்பு தட்டுவதை வைத்தே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 460 கிலோமீட்டர் சுமாருக்கு மேல் போகக் கூடாது என்பது பரவலாக உள்ள விதி. இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு கால் மணி, இருபது நிமிடம் கூடுகிறது.

சரி, கணக்கைப் போடுவோம். 2,900 கிலோமீட்டரை 850 ஆல் வகுத்தால் மூன்று மணி இருபத்தைந்து நிமிடம். ஏற்ற இறக்கத்துக்கு இருபது. தரையில் உருள்வதற்கு இருபது. தாமதமானால் சமாளிக்க விமான நிறுவனம் வைத்துக்கொள்ளும் பத்து நிமிடம். கூட்டிப் பாருங்கள், நாலே கால் வந்துவிடும்! வேறு எந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும் கிலோமீட்டரை 850 ஆல் வகுத்து முக்கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வராவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணங்களைத்தான் கீழே மற்ற வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. சென்னையின் பிரதான ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் ஏறும். கடற்காற்று வீசும்போது கிழக்கே பார்த்து ஏறினால் மூக்கு நேராகக் கடலை நோக்கி, கிட்டத்தட்ட சிங்கப்பூர் திசையிலேயே இருக்கும். மேல்காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் மேற்கே பார்த்து ஏறி, பிறகு ஒரு அரைவட்டம் அடித்துத் திரும்பிக் கடலுக்கு வர வேண்டும். "எதிர்த் திசையில் போகிறானே" என்று பதற வேண்டாம்.

கேள்வி: என் டிக்கெட்டில் இரவு 11.30க்குக் கிளம்பி காலை 6.15க்குப் போய்ச் சேரும் என்று இருக்கிறது. ஆறே முக்கால் மணி நேரம் ஆகிறதே? திரும்பி வரும் டிக்கெட்டில் இரவு 8.00க்குக் கிளம்பி 9.40க்கு சென்னையாம். ஒன்றே முக்கால் மணி நேரம்கூட இல்லை. அச்சுப் பிழையா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பிழை இல்லை அம்மா. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேருகிற ஊரின் கடிகாரப்படியும் இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது ஆறே முக்காலிலிருந்து இரண்டரையைக் கழியுங்கள், நாலே கால். வரும்போது ஒரு மணி நாற்பது நிமிடத்தோடு இரண்டரையைக் கூட்டுங்கள், நாலு மணி பத்து நிமிடம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 24 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்று வைத்தால், சூரியன் கணக்கில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்தான் வித்தியாசம் வருகிறது. ஆனால் கடிகாரத்தில் இரண்டரை. காரணம், சிங்கப்பூர் தன் இடத்துக்கு உரிய நேரத்தை வைத்துக்கொள்ளவில்லை. 104ஆவது பாகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும். 1982 ஜனவரி 1 அன்று மலேசியா தன் தீபகற்பப் பகுதியின் நேரத்தைத் தன் கிழக்கு மாநிலங்களான சபா, சரவாக்கோடு சேர்த்து எட்டு மணி நேரமாக மாற்றியபோது சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அதற்கு முன்பு இரண்டு இடத்திலும் ஏழரைதான். அதனால்தான் அங்கே காலை ஏழு மணிக்குத்தான் விடிகிறது. நீங்கள் 6.15க்குப் போய் இறங்கும்போது வெளியே இருட்டாகத்தான் இருக்கும்.

கேள்வி: திருச்சி சென்னைக்குத் தெற்கே இருக்கிறது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், இன்னும் தெற்கே. அப்போது திருச்சியிலிருந்து போனால்தானே தூரம் குறைவு? (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். அளந்து பார்த்தால் திருச்சியிலிருந்துதான் தூரம் கூட, ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சிங்கப்பூர் நமக்குத் தெற்கே இருப்பதைவிட கிழக்கே இருப்பதுதான் அதிகம். சென்னையிலிருந்து தெற்கே 12 பாகை, கிழக்கே 24 பாகை. திருச்சிக்காரர்கள் தெற்கில் இரண்டு பாகை மிச்சம் பிடிக்கிறார்கள், ஆனால் ஒன்றரைப் பாகை மேற்கே தள்ளி இருக்கிறார்கள். பயணம் பெரும்பாலும் கிழக்கு நோக்கியே இருப்பதால் அந்த ஒன்றரைதான் கூடுதலாக உறைக்கிறது. ஆனால் 60 கிலோமீட்டர் என்பது விமானத்துக்கு நாலைந்து நிமிடம். புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து போவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. திருச்சியில் நேரடி விமானம் கிடைத்தால் தாராளமாக அதிலேயே போங்கள்.

கேள்வி: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. அப்படியானால் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும்போது சென்னை தானாகவே விமானத்தை நோக்கி வந்துவிட வேண்டாமா? (பத்தாம் வகுப்பு மாணவி, ஈரோடு)

பதில்: நல்ல கேள்வி, கேட்க வேண்டிய வயதில் கேட்டிருக்கிறாய். பூமத்திய ரேகையில் பூமி மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. நீ சொல்வதுபோல் நடந்தால் விமானமே வேண்டாம், பலூனில் ஏறி இரண்டு மணி நேரம் மேலே நின்றுவிட்டு இறங்கினால் சென்னை வந்திருக்கும். அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது. ஓடுபாதையில் நிற்கும்போதே விமானமும் அந்த வேகத்தோடுதான் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது, மேலே ஏறியதும் அதை இழந்துவிடுவதில்லை. ஓடுகிற ரயிலுக்குள் ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட்டால் கைக்கே திரும்பி வருகிற மாதிரிதான்.

ஆனால் பூமி சுற்றுவதற்கும் பயண நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிடாதே. அந்தச் சுழற்சிதான் உயரத்தில் வீசும் பெருங்காற்றுகளைக் கிழக்கும் மேற்குமாகத் திருப்பிவிடுகிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான், தவறாமல் படி.

கேள்வி: அலுவலக வேலையாக டெல்லியிலிருந்து டோக்கியோ போய் வந்தேன். போகும்போது ஏழரை மணி நேரத்துக்குள் போய்விட்டோம். திரும்பும்போது ஒன்பதரை ஆனது. அதே ஊர், அதே விமான வகை. ஏன்? (வாசகர், கோவை)

பதில்: காற்று. டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் நேர்த்தூரம் சுமார் 5,850 கிலோமீட்டர். ஆனால் விமானம் பறப்பது தரையின் மேல் அல்ல, காற்றுக்குள். நீங்கள் போன பாதையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். குளிர்காலத்தில் அது ஜப்பானுக்கு மேலே உலகத்திலேயே மிக வலுவான வேகத்தில் ஓடும், மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுகிற நாட்களும் உண்டு.

அதை முதலில் முறையாக அளந்தவர் ஒரு ஜப்பானியர் என்பது ஆச்சரியமில்லை. வசபுரோ ஓயிஷி என்ற வானிலை ஆய்வாளர் 1920களில் ட்சுகுபா அருகே பலூன்களைப் பறக்கவிட்டு, அவை எங்கே போகின்றன என்று தொலைநோக்கியில் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தார். 1926இல் தன் அளவுகளை வெளியிட்டபோது உலகமெல்லாம் படிக்கட்டும் என்று உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் எழுதினார். ஆனால் ஜப்பானுக்கு வெளியே கிட்டத்தட்ட யாருமே கவனிக்கவில்லை. 1944இல் டோக்கியோவின் மேல் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள் அந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் மற்றவர்களுக்கு அதன் பலம் புரிந்தது. இவ்வளவு பொறுமையாக வேலை பார்த்த ஒரு மனிதரின் பெயர் பள்ளிப் பாடத்தில் வராமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்று கவனியுங்கள். போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது பட்ட நஷ்டமும் சமமாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. 3,000 கிலோமீட்டர் தூரம், விமானத்தின் வேகம் 850, காற்று 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்காற்றில் மணிக்கு 1,000, ஆகவே மூன்று மணி நேரம். எதிர்காற்றில் 700, ஆகவே நாலு மணி பதினேழு நிமிடம். மொத்தம் ஏழு மணி பதினேழு நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போக வர ஏழு மணி நாலு நிமிடத்தில் முடிந்திருக்கும். எதிர்காற்றில் நாம் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருப்பதால் நஷ்டம்தான் எப்போதும் ஒரு படி கூட.

இனி நம் பக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் இது நமக்கே உரிய விஷயம். "கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே வந்தால் தாமதம்" என்று இணையத்தில் பொத்தாம்பொதுவாக எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னை – சிங்கப்பூருக்கு அது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தலைகீழாகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, சுமார் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்று ஓடுகிறது. தரையில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று, உச்சியில் கிழக்கிலிருந்து வீசும் கீழ்க்காற்று. இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம் 1950களில் இதை விளக்கிக் காட்டினார், வெப்பமண்டலக் கீழைக்காற்றோட்டம் என்று உலகம் முழுக்க இன்று ஏற்கப்பட்ட விஷயம் அது. பயணிகள் விமானங்கள் பறப்பது அந்தக் காற்றின் மையத்துக்குக் கொஞ்சம் கீழே, ஆனாலும் அதன் அடிப்பகுதி நன்றாகவே உறைக்கும். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் சிங்கப்பூர் போகிறவர்களுக்கு எதிர்காற்று, திரும்புகிறவர்களுக்குப் பின்காற்று.

முன்சீட்டின் முதுகில் திரை இருக்கிற விமானமானால் அதில் வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். உயரம் 11,000 மீட்டர், வெளியே மைனஸ் ஐம்பது டிகிரி, கூடவே தரை வேகம் என்று ஒரு எண். போகும்போது 780 என்றும் வரும்போது 900 என்றும் காட்டினால், இரண்டு முறையும் பைலட் ஒரே மாதிரிதான் ஓட்டியிருக்கிறார், இடையில் நிற்பது காற்று மட்டுமே.

கேள்வி: யாழ்ப்பாணம் சென்னைக்குக் கிட்டத்தில் இருக்கிறது, கொழும்பு தூரம். ஆனால் பறக்கும் நேரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போட்டிருக்கிறார்களே? (இலங்கை வாசகி, இப்போது சென்னையில்)

பதில்: சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் 355 கிலோமீட்டர் அளவு. கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு 645. ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் போவது ஏடிஆர் என்ற சிறிய விமானம், இரண்டு பக்கமும் காற்றாடி வைத்தது. அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் சுமார்தான். கொழும்புக்கு ஜெட் விமானம். தரையில் உருளுவதும் வரிசையில் நிற்பதும் இருவருக்கும் பொதுவான செலவு. அதனால் யாழ்ப்பாணத்துக்கு ஒன்றே கால் மணி நேரம், கொழும்புக்கு அதைவிடப் பத்து நிமிடம் கூட என்று வந்து நிற்கிறது. குறைந்த தூரத்தில் நான் மேலே சொன்ன 850 கணக்கு காற்றாடி விமானத்துக்குப் பொருந்தாது, 500 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையைப் பற்றி நினைத்தாலே எனக்கு மனம் நிறைகிறது. 2019 நவம்பரில் சென்னையிலிருந்து பலாலிக்கு வழக்கமான பயணிகள் விமான சேவை தொடங்கும் வரைக்கும், யாழ்ப்பாணத்துக்காரர்கள் சென்னைக்கு வர வேண்டுமானால் முதலில் தெற்கே கொழும்புக்குப் போய், அங்கிருந்து தங்கள் ஊரைத் தாண்டி வடக்கே வர வேண்டியிருந்தது. பல பத்தாண்டுகள் அப்படித்தான். அதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒன்றே கால் மணி நேரம் அதிகமாகவே தோன்றாது.

கேள்வி: வரைபடத்தில் டெல்லிக்கு நேர் வடக்கே இருக்கிற ஊருக்குப் போகிற விமானம்கூட நேராகப் போகாமல் மேற்கே ஒதுங்கி வளைந்து போவது ஏன்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கஜகஸ்தானின் அல்மாட்டியைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டெல்லிக்கு அச்சு அசலாக வடக்கே, 1,650 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. டெல்லிக்கு சென்னையைவிட அல்மாட்டிதான் பக்கம்! ஆனால் நேராகப் போனால் காரகோரம், அதற்கு அப்பால் தியன் ஷான் என்று மலை மேல் மலையாக நிற்கும். விமானம் அவற்றுக்கு மேலே பறக்க முடியாது என்பதல்ல பிரச்சினை, பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் எவரெஸ்ட்டே காலடியில்தான் இருக்கும். பிரச்சினை, ஏதாவது கோளாறு வந்து கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் என்ன செய்வது என்பது. தலைக்கு மேலிருந்து விழும் முகமூடியில் பயணிகளுக்கு வரும் ஆக்சிஜன் பெரும்பாலான விமானங்களில் பதினைந்து நிமிடம் போலத்தான் தாங்கும். அதற்குள் பத்தாயிரம் அடிக்கு இறங்கிவிட வேண்டும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர், கிட்டத்தட்ட பதினைந்தாயிரம் அடி. இறங்குவதற்கு இடமே இல்லை. அதனால் அப்படிப்பட்ட இடங்களைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

இன்னொரு தடை மனிதர்கள் போட்டது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. அடுத்த சில நாட்களிலேயே இண்டிகோ நிறுவனம் டெல்லியிலிருந்து அல்மாட்டிக்கும் தாஷ்கண்டுக்கும் போன சேவைகளை நிறுத்திவிட்டது. இத்தனைக்கும் ஊர் தள்ளிப்போய்விடவில்லை, சுற்றிப் போனால் அவர்களுடைய சிறிய விமானங்களின் எரிபொருள் எட்டாது, அவ்வளவுதான். மற்ற நாட்டு விமானங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவே பயண நேரம் என்ன என்பது விமானத்தின் வாலில் எந்த நாட்டின் நிறுவனம் என்பதைப் பொறுத்தும் மாறும்.

கேள்வி: கடலுக்கு நடுவே ஒரு இன்ஜின் நின்றுவிட்டால்? (அதே தஞ்சாவூர் வாசகரின் மனைவி)

பதில்: இன்னொரு இன்ஜினிலேயே பறந்து பக்கத்து விமான நிலையத்தில் இறங்குவார்கள். இரட்டை இன்ஜின் விமானம் எப்போதும் ஏதாவது ஒரு விமான நிலையத்திலிருந்து ஒற்றை இன்ஜினில் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அதைத் தாண்டிப் பறக்க வேண்டுமானால் விமானத்துக்கும் நிறுவனத்துக்கும் தனி அனுமதி வேண்டும், இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் வரைக்கும் அந்த அனுமதி பெற்றவை நிறைய உண்டு. உங்கள் பாதையில் சென்னை, போர்ட் பிளேர், பண்டா ஆச்சே, மேடான், பினாங்கு என்று வரிசையாக இருக்கின்றன. நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா.

கேள்வி: செல்போன் இவ்வளவு மாறிவிட்டது. விமானத்தின் வேகம் மட்டும் அறுபது வருடமாக அப்படியே இருக்கிறதே? சிங்கப்பூருக்கு இரண்டு மணி நேரத்தில் போகிற நாள் வருமா? (வாசகர், சேலம்)

பதில்: உண்மைதான், 1960களின் போயிங் 707க்கும் இன்றைய விமானத்துக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க காற்றின் தடை திடீரென்று எகிறும், எரிபொருள் கொட்டும். அதனால் எல்லோரும் ஒலியின் வேகத்தில் 78 முதல் 85 சதவீதத்திலேயே நின்றுகொண்டார்கள். அறுபது வருட முன்னேற்றம் எல்லாம் எரிபொருள் சிக்கனத்துக்கும் பாதுகாப்புக்கும் போயிருக்கிறது. அதனால்தான் இன்று சாதாரணக் குடும்பங்களும் பறக்க முடிகிறது. நல்ல பேரம் என்றே நான் சொல்வேன்.

சிங்கப்பூர் ஒரு காலத்தில் வேகத்தையும் பார்த்திருக்கிறது. ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்ட், 1977 டிசம்பரில் லண்டன் – பஹ்ரைன் – சிங்கப்பூர் பாதையில் வந்தது. சத்தம் தாங்கவில்லை என்று மலேசியா ஆட்சேபித்ததால் சில பயணங்களிலேயே நின்றுபோனது. 1979 ஜனவரியில் பாதையை மாற்றித் திரும்ப ஆரம்பித்தார்கள். இந்திய வான்வெளியிலும் ஒலியை மிஞ்சிப் பறக்க அனுமதி கிடைக்கவில்லை. 1980இல் அது ஓய்ந்துவிட்டது. தொழில்நுட்பம் இருந்தது, ஆனால் கீழே குடியிருப்பவர்களின் தலையில் இடி இறக்கிக்கொண்டு பறக்க எந்த நாடும் விடாது என்பதுதான் நடந்த கதை.

கேள்வி: ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால் பைலட் வேகமாக ஓட்டி ஈடுகட்டிவிட முடியாதா? (வாசகர், மதுரை)

பதில்: கொஞ்சம் முடியும். சிங்கப்பூர் தூரத்துக்கு நூற்றுக்கு ஐந்து வேகம் கூட்டினால் பத்து நிமிடம் மிச்சமாகும், எரிபொருள் செலவு அதைவிட அதிக விகிதத்தில் கூடும். தாமதமாகக் கிளம்பியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அதற்குப் பெரும்பாலும் காரணம் நான் முதலில் சொன்ன அந்தக் கையிருப்பு நிமிடங்கள்தான். ஒரு மணி நேரம் தாமதமென்றால் முழுசாக ஈடுகட்ட வழியே இல்லை, சாங்கியில் அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இதை மனதில் வைத்து இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள். அதிகாலையில் போய் இறங்குகிற விமானம் என்றால் இன்னும் கவனம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ராவில் கிளம்பி விடியற்காலையில் சிங்கப்பூரைத் தாக்கும் புயல்மழை உண்டு. அது ஓயும் வரை மேலே வட்டமடிக்க வேண்டி வரலாம்.

கிளம்பவே தாமதமானால் இந்தியாவில் உங்களுக்கு ஒரு உரிமை இருக்கிறது, அதுவும் பயண நேரத்தைப் பொறுத்தது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, பிளாக் டைம் இரண்டரை மணி நேரம் வரை உள்ள விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரையிலிருந்து ஐந்து மணி நேரம் வரை உள்ளதற்கு மூன்று மணி நேரத் தாமதம். சிங்கப்பூர் விமானம் இந்த இரண்டாவது வகை. கவுண்டரில் போய்க் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: அம்மா அப்பாவை அழைத்துவர சாங்கிக்கு எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும்? டிக்கெட்டில் 6.15 என்று இருக்கிறது. (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: 6.15 என்பது விமானம் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும் நேரம். அதற்குப் பிறகு கதவு திறந்து, வயதானவர்கள் நிதானமாக இறங்கி, குடிநுழைவைக் கடந்து, பெட்டி வரும் வரை நின்று வெளியே வர முக்கால் மணி நேரமாவது ஆகும். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் கிளம்பும் முன் விமான எண்ணைப் போட்டுப் பார்த்து, அன்றைக்குக் காட்டுகிற நேரத்தை மட்டும் நம்புங்கள். ஆனால் முதல்முறை வருகிறவர்கள் என்றால் ஏழு மணிக்குள் கதவுக்கு எதிரே நின்றுவிடுங்கள். அவர்களிடம் உள்ளூர் சிம் இருக்காது, உங்கள் முகத்தைத்தான் தேடுவார்கள்.